அரை ஆட்டத்துக்கு முழு டிக்கெட்

லிப்போவா, நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 12, 1974

அன்புத் தம்பி எமிலுக்கு,

அக்கா லிப்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். சியாட்டில் மழையில் நனைந்துகொண்டு, இழுவைப் படகில் வெந்ததும் வேகாததுமாகத் தின்றுகொண்டு நீ எப்படி இருக்கிறாய்? போன மாதத்துச் சளி விட்டதா?

ஒரு சேதி. கல்லூரி அலுவலகத்தில் பத்து வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னை கல்லூரியை நடத்துகிற மடத்தின் தலைவர் பாதர் ஆம்ப்ரோஸ் கூப்பிட்டு, கால்பந்து டிக்கெட் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். கட்டிவிட்டார் என்று எழுதினாலும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். இது உன் பொறுப்பு என்று யாரும் என்னிடம் எதையும் தந்ததில்லை.

கொண்டாட்டம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பின்னாலேயே ராடேமாக்கர் வந்தார். பாங்கி முதலாளிதான், இப்போது கல்லூரி நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "லிப்பி, காலரி காத்தாடுது. பையங்களுக்குத் தலைக்கவசம் வாங்குற அளவுக்குக்கூட டிக்கெட்ல காசு வரல. அக்டோபர் பத்தொன்பது, பழைய மாணவர் திருநாள் ஆட்டத்துக்கு நானே வரேன். அன்னிக்கும் டிக்கெட் விக்கலைன்னா அடுத்த வருஷம் கால்பந்து கிடையாது" என்றார். கோபமே இல்லை. கடையில் மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆட்டம் போனால் ஆட்டத்துக்காகச் சேருகிற பையன்கள் வரமாட்டார்கள். பேண்டு வாத்தியமும் போய்விடும். அப்புறம் சனிக்கிழமை மதியம் இந்த ஊரில் நாய் குரைப்பதைத்தான் கேட்க வேண்டும். அது போகக்கூடாது, எமில். எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான்கு வருடம் அந்த மைதானத்தில் புரண்டவன் நீ. கூட்டம் சேர்க்க ஒரு வழி சொல்.

அப்பாவிடம் சொன்னேன். "காலால உதைக்காம கையில தூக்கிட்டு ஓடுறானுங்க, அதுக்குக் கால்பந்துன்னு பேரு. அதைப் பாக்கக் காசு வேறயா?" என்றார். சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்காவது வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
லிப்பி


சியாட்டில்
ஆகஸ்ட் 24

அன்புள்ள டிக்கெட் மேலாளர் அக்காவுக்கு,

சளி விட்டது. இருமல் பிடித்துக்கொண்டது. மற்றபடி சுகம். உன் சுகமும் ஊரார் சுகமும் கண்டு மகிழ்ச்சி.

கூட்டம் ஏன் வரவில்லை என்று தெரியாத மாதிரி கேட்கிறாயே? சனிக்கிழமை மதியம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் ரேடியோவில் ஓடுகிறது. நெப்ராஸ்காவில் பிறந்த ஒருவன் அதை விட்டுவிட்டு நம் பையன்கள் தடுக்கி விழுவதைப் பார்க்க வருவானா? அதனால் ரேடியோவையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிடு. அங்கே புள்ளி விழுந்தால் இங்கே ஒலிபெருக்கியில் உடனே சொல்லிவிடு. இரண்டு ஆட்டமும் ஒரே டிக்கெட்டில். வராமல் என்ன செய்வார்கள்?

ஆட்டத்தை வெள்ளி இரவுக்கு மாற்றலாம் என்று எந்த அறிவாளியாவது சொன்னால் கேட்காதே. வெள்ளி இரவு உயர்நிலைப் பள்ளிப் பையன்களுடையது. அதில் கை வைத்தால் ஊர் உன்னைச் சும்மா விடாது.

நாங்கள் ஆடியபோதும் காலரி பாதிதான். ஆட்டம் தொடங்குமுன் ஒருதரம் மேலே பார்த்துக்கொள்வேன். யார் யார் எந்தப் படியில் உட்காருவார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவேன். சரி, அதை விடு.

கிறிஸ்துமஸ் வேலையைப் பொறுத்தது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

எமில்


லிப்போவா
செப்டம்பர் 9

அன்பான எமிலுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருந்தாலும் உன் மூளை நலமாக இல்லை.

உன் பேச்சைக் கேட்டு ஒலிபெருக்கி வைத்தேன். கூட்டம் வந்தது, மறுக்கவில்லை. இரண்டாவது கால் பகுதியில் நம் பையன் ஒருவன், ஹ்ரோமாஸ் வீட்டு மூத்தவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மைதானமே கப்சிப். சரியாக அந்த நேரம் பார்த்து அங்கே மாநில அணி டச் டவுன் போட்டுப் புள்ளி எடுத்துத் தொலைத்தது. அறிவிப்பு வந்ததும் மொத்தக் காலரியும் எழுந்து தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தியது. விழுந்தவன் தலையைத் தூக்கிக் காலரியைப் பார்த்தான் பார், அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அவன் அம்மா குடையோடு இறங்கி வந்து என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, வெறும் சுளுக்கு.

பயிற்சியாளர் மெர்ட்ஸ் ஒலிபெருக்கிக் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார். "லிப்பி, அடுத்த ஆட்டத்துக்கு சவப்பெட்டிக்காரனையும் கூப்பிட்டுரு" என்றார். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

வேறு வழி சொல். கூட்டமும் வர வேண்டும், நம் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அப்பா அறுவடை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொன்ன கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நீயும் சிரித்துக்கொள். வெந்நீர் குடி.

அக்கா லிப்பி


சியாட்டில்
செப்டம்பர் 18

என் அக்காவுக்கு,

படகில் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். சமையல்காரன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். எல்லோரும் உன் நலம் விசாரிக்கிறார்கள். உனக்குச் சியாட்டிலில் எட்டு விசிறிகள்.

ஆண்களை விடு. பெண்களைப் பிடி. நம் ஊரில் இரண்டு பங்குக் கோயில். இரண்டு பங்குப் பெண்களும் தாங்கள் சுடுகிற கொலாச்சிதான், அந்தப் பழம் வைத்த இனிப்பு ரொட்டிதான், அசல் என்று அம்மா காலத்திலிருந்து சண்டை போடுகிறார்கள். மைதானத்திலேயே போட்டி வை. ஒரு பெண் தட்டோடு வந்தால் புருஷன், பிள்ளை, மாமியார், மைத்துனி என்று ஒரு வண்டி ஆள் பின்னால் வரும்.

இன்னொன்று. மற்ற ஊர்களில் மழை பெய்தால் ஆட்டம் கெடும். நம் ஊரில் வெயில் அடித்தால்தான் கெடும். வயல் காய்ந்திருந்தால் எல்லோரும் அறுவடைக்குப் போய்விடுவார்கள், ஒருவனும் வரமாட்டான். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சனிக்கிழமை சனிக்கிழமையாக மழை கேள்.

அடுத்த வாரம் அலாஸ்கா பக்கம் இழுவை. திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். பதில் தாமதமானால் கவலைப்படாதே. சுகமாக இரு.

எமில்


லிப்போவா
செப்டம்பர் 30

அருமைத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீ கரை திரும்பும்போது கிடைக்கட்டும். கடலும் காற்றும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மெழுகுவர்த்தி வேலை செய்தது! சனிக்கிழமை காலையிலிருந்து நச நசவென்று தூறல். சேற்றில் இயந்திரத்தை இறக்க முடியாமல் விவசாயிகள் எல்லோரும் பெண்டாட்டிகளுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். கசகசா, பிளம்ஸ், பாதாமி என்று இருபுறமும் மேசை மேசையாகக் கொலாச்சி. நடுவர் பாதர் ஆம்ப்ரோஸ். இரண்டு பக்கமும் மாறி மாறித் தின்றார், ஆட்டம் முடியும்வரை தின்றார், கடைசியில் சமம் என்று சொல்லிவிட்டார். இரண்டு பங்குப் பெண்களுக்கும் மூக்குக்கு மேல் கோபம். "பத்தொன்பதாம் தேதி வரோம். அன்னிக்குத் தெரியும்" என்று சபதம் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டத்திலும் ஜெயித்தோம். மெர்ட்ஸ் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். ராடேமாக்கர் வரவில்லை; ஆனால் கேள்விப்பட்டிருப்பார், இந்த ஊரில் எந்தச் சேதி தங்கும்?

அப்பாவின் சோளம் நன்றாக முற்றிவிட்டது. இந்த ஈரம் காய்ந்ததும் தொடங்கிவிடுவார். திருநாள் ஆட்டத்துக்கு வருகிறீர்களா என்றேன். "நானா? அக்டோபர்லயா?" என்றார். அவ்வளவுதான் பதில்.

நேரத்துக்குச் சாப்பிடு. சந்தோஷத்தோடு,

லிப்பி


லிப்போவா
அக்டோபர் 8

அன்புள்ள எமிலுக்கு,

சௌக்கியமாகக் கரை சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

திருநாள் ஏற்பாடு மும்முரம். சுவரொட்டி அடித்தாயிற்று, தீவனக் கடை, முடிவெட்டும் கடை, இரண்டு கோயில் என்று எல்லா இடத்திலும் ஒட்டியாயிற்று. பேண்டு பையன்கள் புதிதாக ஒரு போல்கா நடன மெட்டுப் பழகுகிறார்கள். முன்கூட்டி டிக்கெட் வாங்கச் சொல்லிப் பார்த்தேன். நம் ஆட்கள் உனக்குத் தெரியுமே, அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் வந்து வாங்குவார்கள். ஆனால் வருவதாக ஊரே வாக்குக் கொடுத்திருக்கிறது.

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். உன்னைக் கேட்டார். வேலை நிறைய இருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா


சியாட்டில்
அக்டோபர் 13

அக்கா,

நேற்றுத்தான் இறங்கினேன். நான் நலம். அதை விடு.

உன் இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன. இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அக்டோபர் மாதத்துக் கடிதத்தில் சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் செட்லாக் குடும்பத்தில் யாராவது அப்படிக் கடிதம் எழுதியது உண்டா? "அப்பா வீட்டில்தான் இருக்கிறார்" என்று வேறு எழுதுகிறாய். அக்டோபரில் அந்த மனுஷர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாள். அம்மாவை அடக்கம் செய்த நாள். அன்றைக்கும் சாயங்காலம் வயலுக்குப் போய்விட்டார்.

உனக்குப் பொய் சொல்ல வராது, மறைக்கவும் வராது. என்ன ஆயிற்று? உடனே எழுது.

எமில்


லிப்போவா
அக்டோபர் 17

என் தம்பி எமிலுக்கு,

முதலில் பயப்படாதே. அப்பா நன்றாக இருக்கிறார், நன்றாகத் தின்கிறார், நன்றாகத் திட்டுகிறார்.

நான்காம் தேதி இரும்புக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தொடைவரை மாவுக்கட்டு. கிறிஸ்துமஸ்வரை கால் ஊன்றக் கூடாது என்கிறார் மருத்துவர். நான் பண்ணை வீட்டுக்கே வந்துவிட்டேன். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "எழுதுனா ஒண்ணு அவன் வேலையை விட்டுட்டு ஓடி வருவான். இல்ல, எழுதியும் வரமாட்டான். ரெண்டும் எனக்கு வேண்டாம்" என்றார். சத்தியத்தை உடைத்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி அடுத்ததைக் கேள். செவ்வாய் அன்று பக்கத்துப் பண்ணை எட்வின் நெமெட்ஸ் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அப்படி அவர் நின்றாலே ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துவிடும் அல்லவா? அண்டைப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நம் சோளத்தை ஒரே நாளில் அறுத்துக் கொடுக்கப் போகிறார்கள். பன்னிரண்டு இயந்திரங்கள். பெண்கள் இரண்டு பங்கிலிருந்தும் வந்து எல்லோருக்கும் சமைக்கிறார்கள். "நாள் பாத்தாச்சு லிப்பி. சனிக்கிழமை. அதுக்கப்பறம் மழைன்னு சொல்றான்" என்றார்.

சனிக்கிழமை என்றால் பத்தொன்பதாம் தேதி.

அந்த மனுஷருக்குத் திருநாள் ஆட்டம் ஞாபகமே வரவில்லை. யாருக்குமே வரவில்லை. வயலைத் தவிர வேறு நினைப்பு இல்லாத மாதம். நான் வாயைத் திறந்து, வேறு நாள் பாருங்கள் என்று சொல்லலாமா? உதவிக்கு வருகிறவனிடம் நாள் குறித்துக் கொடுக்கிற ஆள் இந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. "ரொம்ப நன்றி எட்வின்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் போன பிறகு பால் கறக்கும் கொட்டகையில் போய் அழுதேன்.

ஆக, வருவதாக வாக்குக் கொடுத்த அத்தனை பேரும் அன்று நம் வயலில் இருப்பார்கள். கொலாச்சிக்காரிகள்கூட. ராடேமாக்கர் மட்டும் காலரிக்கு வருவார். மெர்ட்ஸிடம் சொன்னேன். எதிரணிக்கு நெடுந்தூரப் பயணம், நேரத்தை மாற்ற வழியில்லை என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நம் அப்பாவின் சோளமே என் ஆட்டத்தைத் தின்றுவிடும் போலிருக்கிறது. உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவை அன்று வீட்டில் தனியாக விட முடியாது. ஜன்னலில் உட்கார்ந்து, மற்றவர்கள் தன் வயலை அறுப்பதைப் பார்க்க அவரால் முடியவும் முடியாது. என்னோடு மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

லிப்பி


கல்லூரி அலுவலகம், லிப்போவா
அக்டோபர் 20, ஞாயிறு

அன்புள்ள எமிலுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை நாடுகிறேன். காலரியைப் பெருக்க வந்தவள் அப்படியே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று என்ன வெயில் என்கிறாய்! வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்பாவை முதல் படியில் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலை ஒரு வைக்கோல் கட்டின் மேல் நீட்டிவிட்டேன். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்தார். "என் பொண்ணு வேலை செய்யுற எடத்துல எனக்கு ஓசியா?" என்று என்னிடமே சண்டை. ராடேமாக்கரும் அவர் மனைவியும், பாதர் ஆம்ப்ரோஸ், எதிரணிப் பையன்களின் பெற்றோர் சிலர், ஓமாஹாவிலிருந்து வந்த பழைய மாணவர்கள் கொஞ்சம் பேர். நாற்பதைத் தொடவில்லை. டிக்கெட் மேசையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பேண்டு வாசித்தால் காலிப் பலகையில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்பா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் பார்த்தால், "டேய், விழுந்தவன் மேல எதுக்குடா இன்னும் நாலு பேர் விழறீங்க?" என்று குரல் வருகிறது. நடுவர் திரும்பிப் பார்த்தார். நம் பையன்கள் வேறு நன்றாக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளை விட்டதும் வழக்கம்போல மேசையை மடித்து வைத்துவிட்டு வாசலைத் திறந்துவிட்டேன். உனக்குத் தெரியுமே, நம் மைதானத்தில் எந்தக் காலத்திலிருந்தோ அப்படித்தான். அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

அப்போது கிழக்குச் சாலையில் புழுதி கிளம்பியது. ஒரு சோள லாரி, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் கார்கள், டிராக்டர்கள்கூட. நம் வயலை முடித்துவிட்டார்கள், எமில்! சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் யாரோ ஒரு பெண், ஐயோ இன்று லிப்பியின் ஆட்டமாயிற்றே என்று நெஞ்சில் கை வைத்தாளாம். அப்படியே பாத்திரங்களோடு எழுந்து வந்துவிட்டார்கள். தலையெல்லாம் சோளத் தூசி, கையில் கூலாஷ் கறிக்குழம்பு அண்டா, கொலாச்சித் தட்டு. காலரி நிறைந்து, நிற்கவும் இடம் இல்லை. இந்த மைதானத்தில் நான் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. பையன்களுக்கு எங்கிருந்து வெறி வந்ததோ, விழுந்து எழுந்து கடைசியில் மூன்று புள்ளியில்தான் தோற்றார்கள். ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை. மாநில அணி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நெமெட்ஸ் அப்பாவிடம் வந்து, "வென்சில், முடிச்சுட்டோம். நல்ல சோளம்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். முட்டாள். கூட்டம் கலைந்ததும் ராடேமாக்கர் வந்தார். "கூட்டத்தைப் பாத்தேன் லிப்பி. எனக்கும் சந்தோஷம். ஆனா வித்த டிக்கெட் எவ்வளவு?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரும் திறந்த வாசல் வழியாக வந்தவர்கள். ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. "ஓசிக் கூட்டத்தை வெச்சு நான் குழுவுல என்ன பேச முடியும்? வியாழக்கிழமை முடிவு சொல்றோம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. வாசலைத் திறந்துவிட்டவள் நான்தானே.

காரில் வரும்போது அழுதுகொண்டே ஓட்டினேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அவங்க யாரும் டிக்கெட் வாங்கலையா?" இல்லை என்றேன்.

இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. நீ நன்றாயிரு.

லிப்பி


சியாட்டில்
அக்டோபர் 24

என் அக்காவுக்கு,

உன் பதினேழாம் தேதிக் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுக்கக் காசைப் பார்க்காமல் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். காலையிலிருந்து இரவுவரை லைனில் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நம் சாலையில் இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் சேர்த்து ஒரே லைன் என்பது தெரியும், அதற்காக இப்படியா?

இன்று உன் அடுத்த கடிதம். நீ அழுததை நினைத்தால் ராடேமாக்கரைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருக்கிறது. இன்று வியாழன். என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

அக்கா, இன்னொன்றும் எழுது. அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்தார்? முழு ஆட்டமும் பார்த்தாரா? வேறு என்னவெல்லாம் சொன்னார்? ஒன்று விடாமல் எழுது. அற்பமாகத் தோன்றினாலும் எழுது.

அவர் கால் எப்படி? உன் உடம்பையும் கவனி.

எமில்


லிப்போவா
அக்டோபர் 27

தங்கத் தம்பி எமிலுக்கு,

எல்லோரும் சுகம், பரம சுகம். இதைப் படிக்கும்போது நீயும் அப்படியே இருப்பாய்.

அந்தத் தொலைபேசி லைனில் பேசிக்கொண்டிருந்தது நம் அப்பா. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து உனக்குக் கண்ணீரோடு எழுதிக்கொண்டிருந்த நேரம், அவர் நெமெட்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். "எட்வின், என் சோளத்தை அறுத்துக் குடுத்தே. உசுரு இருக்கறவரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா என் பொண்ணு நடத்துற ஆட்டத்தை ஓசில பாத்துட்டுப் போயிட்டே. அது வேற கணக்கு." அவ்வளவுதான் சொன்னாராம். ஆனால் அவர் பேசினால் கேட்காதிருக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டிலும் கருவியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, அன்று முழுக்க லைன் ஓயவில்லை. உதவிக்குக் காசு பேசினால் நம் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் ஓசி என்ற சொல் அவர்களுக்குத் தேள் கொட்டிய மாதிரி.

திங்கள் காலை அலுவலகத்தைத் திறக்கிறேன், படிக்கட்டுவரை வரிசை. முதலில் நெமெட்ஸ். "சனிக்கிழமை ஆட்டத்துக்கு அஞ்சு டிக்கெட் குடு" என்றார். வருகிற சனிக்கிழமை வெளியூரில் ஆட்டம் என்றேன். "வரதில்ல. போனது" என்றார். பிறகு மெல்லக் குரலைத் தாழ்த்தி, "பாதிதானே பாத்தோம். பாதி விலை போடேன்" என்றார். பின்னால் நின்ற ஹ்ரோமாஸ் அம்மாள் விடுவாளா? என் மேல் குடையோடு வந்தவளேதான். "பாக்காத பாதியில நம்ம பசங்க அடி வாங்கிட்டு இருந்தாங்க. பாத்த பாதிதான் நல்ல பாதி. முழுசாக் குடுங்க எட்வின்" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. முழுசாகத்தான் கொடுத்தார். எல்லோரும் முழுசாகத்தான் கொடுத்தார்கள். கையில் வாங்கிய டிக்கெட்டைச் சிலர் தாங்களே கிழித்து, பாதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், வாசலில் செய்கிற மாதிரியே.

பாங்கி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ராடேமாக்கர் தெருவைக் கடந்து வந்தார். என்ன வரிசை இது என்றார். சொன்னேன். "முடிஞ்ச ஆட்டத்துக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். வாசலோரம் ரொம்ப நேரம் நின்றார். வியாழக்கிழமை அவரே அலுவலகத்துக்கு வந்து, அடுத்த வருடமும் ஆடுகிறோம் என்றார். ஒரே நிபந்தனை, இடைவேளையில் வாசலைத் திறக்கக் கூடாது. அவர் போனதும் நான் நாற்காலியில் ஏறிக் குதித்தேன். மெர்ட்ஸ் பார்த்துவிட்டார். பரவாயில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் பக்கத்துக் காலரியில், முதல் படியின் நட்ட நடுவில் உட்கார்ந்தார். முழு ஆட்டமும் பார்த்தார். மற்றதைத் தானே எழுதுவதாகச் சொல்கிறார். நான் காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
லிப்பி


லிப்போவா
நவம்பர் 9

எமிலுக்கு,

அப்பா எழுதுவது. கால் அரிக்கிறது. அரித்தால் ஆறுகிறது என்று மருத்துவர் சொல்கிறார். நீ நலமா? அங்கே தண்ணீர் வேலையில் கவனமாக இரு.

உன் அம்மா இருந்தவரை அவள் எழுதினாள். பிறகு லிப்பி எழுதினாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இது மூன்றாவது காகிதம்.

ஆட்டம் பார்த்தேன். லிப்பி சொல்லியிருப்பாள். எல்லோரும் பந்து போகிற பக்கம் பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். பிறகு நீ எந்த இடத்தில் ஆடினாய் என்று லிப்பியைக் கேட்டேன். நடுவில் குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுக்கிற பையனைக் காட்டினாள். அதற்கப்புறம் நான் பந்தைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தேன். பந்தைக் கொடுத்த உடனே எதிரே நிற்கிற தடியன் அவன் மேல் பாய்கிறான். இவன் விழுகிறான். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வந்து குனிகிறான். ஆட்டம் முழுக்க இதே வேலை. ஒரு தரம்கூட யாரும் அவனுக்குக் கை தட்டவில்லை. நான் தட்டினேன். எதிரணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்கு வருடமும் நீ இதைத்தான் செய்தாயா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

சோளம் நல்ல விலைக்குப் போனது. அடுத்த வருடத்துக்கு லிப்பியிடம் இரண்டு சீசன் டிக்கெட் வாங்கிவிட்டேன். அக்டோபர் ஆட்டமும் அதில் சேர்த்திதான். நடுப் படியில் பக்கத்துப் பக்கத்து இடம். எனக்கு ஆட்டம் இன்னும் சரியாகப் புரியவில்லை. கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். படகில் இப்போதே லீவு சொல்லி வை.

அப்பா,
வென்சில் செட்லாக்